டப்பாவையும் எடுத்து வாருங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பொது மருத்துவரின் பதில்கள்

சென்ற மாதம் சர்க்கரை நோய் பற்றி எழுதும்போது, "மூலிகை மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் 60 கடிதங்களுக்கு மேல் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை பெண்கள் எழுதியவை. சில கடிதங்களில் பயம், சிலவற்றில் கோபம். இந்த மாதம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64, கோவில்பட்டி

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் என் மகள் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் பெட்டி நிறைய மாத்திரை கொண்டுவருகிறாள். மல்டிவைட்டமின், இரும்புச்சத்து, கால்சியம், மஞ்சள் கேப்சூல், அமுக்கரா கேப்சூல். 6 வருடமாக ஒரு நாள் விடாமல் சாப்பிடுகிறேன். சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் சீக்கிரம் இறந்துபோகிறார்கள் என்று அமெரிக்காவிலேயே ஆராய்ச்சி செய்து சொல்லிவிட்டார்கள் என்கிறாள் என் தங்கை. உண்மையா? எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?

பதில்: உங்கள் தங்கை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியையும் சேர்த்துக் கேட்டால்தான் எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய முடியும்.

அவர் சொல்வது அயோவா மாநிலத்துப் பெண்களை வைத்து நடந்த ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். மக்காச்சோளம் விளைகிற மாநிலம் அது. 1986இல் ஓட்டுநர் உரிமம் வைத்திருந்த பெண்களின் பட்டியலை எடுத்து, அதில் 55 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 41,836 பேர் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, எவ்வளவு நடக்கிறீர்கள், என்னென்ன சத்து மாத்திரை எடுக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். 1997இலும் 2004இலும் மாத்திரைகளைப் பற்றி மறுபடியும் கேட்டார்கள். முதல் முறை 100 பேரில் 63 பேர் ஏதோ ஒரு சத்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2004இல் அது 85 பேராகியிருந்தது.

2008 முடிய, கணக்கில் எடுத்துக்கொண்ட 38,772 பெண்களில் 15,594 பேர் இறந்திருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மல்டிவைட்டமின் எடுத்தவர்களில் 100 பேருக்கு இரண்டரைப் பேர் அளவுக்கு இறப்பு கூடுதல். இரும்புச்சத்து எடுத்தவர்களில் 4 பேர். ஃபோலிக் அமிலத்தில் 6 பேர். தாமிரச்சத்தில் 18 பேர். கால்சியம் ஒன்றில் மட்டும் எதிர்த்திசையில் போனது. அதை எடுத்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 4 பேர் குறைவாக இறந்திருந்தார்கள்.

இதில் என்னை யோசிக்க வைத்த செய்தி வேறொன்று. மாத்திரை எடுத்த பெண்கள் மற்றவர்களைவிட அதிகம் படித்தவர்கள், குறைவாகப் புகைபிடித்தவர்கள், உடம்பை ஒல்லியாக வைத்திருந்தவர்கள், அதிகம் நடந்தவர்கள். அவர்களிடையே சர்க்கரையும் ரத்த அழுத்தமும்கூடக் குறைவு. இப்படிப்பட்டவர்கள் நீண்ட நாள் வாழ்ந்திருக்க வேண்டும். அந்தச் சாதகங்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தபோது, மாத்திரைக்கென்று எந்த லாபமும் மிஞ்சவில்லை.

ஆனால் மாத்திரைதான் அவர்களைக் கொன்றது என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. களைப்பாக இருக்கிறது என்று ஒருத்தி இரும்புச்சத்து வாங்கியிருப்பாள். அந்தக் களைப்புக்கு உள்ளே ஒரு புற்றுநோய் காரணமாக இருந்திருக்கலாம். வெறுமனே பின்தொடர்ந்து பார்க்கிற ஆய்வில் இந்தச் சிக்கலை முழுதாக அவிழ்க்க முடியாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1990களில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் மாரடைப்பு வராது என்று இதே போன்ற பின்தொடர் ஆய்வுகள் சொல்லின. நானும் நம்பி, என் கையாலேயே பல பெண்களுக்கு எழுதிக்கொடுத்தேன். 2002 ஜூலையில், 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய அமெரிக்கச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் மாரடைப்பும் கூடியிருந்தன. அந்த வாரம் பழைய நோட்டுகளை எடுத்து, யார் யாருக்கு எழுதினேன் என்று பக்கம் பக்கமாகத் தேடியது இன்றும் மறக்கவில்லை. அதனால்தான் பின்தொடர் ஆய்வு நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் நான் ஒரு படி பின்னால் நின்று பார்க்கிறேன்.

2024இல், 3,90,124 பேரை 20 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு வந்தது. தினசரி மல்டிவைட்டமின் எடுத்த ஆரோக்கியமானவர்கள் கூடுதல் நாள் வாழவில்லை என்பது அதன் முடிவு. இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம்: குறை ஒன்றும் இல்லாதவர் இதை விழுங்கி ஆயுளைக் கூட்டிக்கொள்ள முடியாது.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். இரும்புச்சத்தை முதலில் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரும்பு வெளியே போக வழி மிகக் குறைவு. உடம்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிட்டு, குறை இருந்தால் மட்டும் எடுங்கள். குறை இருந்தால், 64 வயதில் ரத்தம் எங்கே கசிகிறது என்று தேடுவதுதான் முதல் வேலை. என்னிடம் வந்த ஒரு அம்மா சோகை என்று தானாகவே இரண்டு வருடம் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். ஹீமோகுளோபின் 9லிருந்து 10க்கு ஏறும், மறுபடி இறங்கும். பெருங்குடலில் கட்டி. மாத்திரை அதை இரண்டு வருடம் மூடி வைத்திருந்தது.

மல்டிவைட்டமினை விட்டுவிடலாம். கால்சியம் எலும்புத் தேய்மானத்துக்காக மருத்துவர் சொல்லி எடுப்பதானால் தொடருங்கள். நீங்கள் சைவம் என்றாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றாலோ பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குறை உண்மையானது, அதற்கு மாத்திரை வேண்டும். மஞ்சளையும் அமுக்கராவையும் பற்றி அயோவா கணக்கில் ஒன்றும் கிடையாது. நான் சொன்ன எண்களெல்லாம் வைட்டமின்களுக்கும் தாதுச்சத்துகளுக்கும் உரியவை. மூலிகைக் கேப்சூலின் கதை தனி. அதை அடுத்து வரும் பதில்களில் படியுங்கள்.

கும்பகோணம் வாசகி

கேள்வி: என் பாட்டி 92 வயது வரை இருந்தார். தினமும் கஷாயம், வாரம் ஒரு லேகியம், மஞ்சள் இல்லாத சமையலே கிடையாது. இயற்கையான மூலிகைக்கு ஏது பக்கவிளைவு? மஞ்சளைக்கூட மருத்துவர்கள் குறை சொல்ல ஆரம்பித்தால் எப்படி?

பதில்: உங்கள் பாட்டியின் மஞ்சளை நான் குறை சொல்லவில்லை. என் சமையலறையிலும் அதே மஞ்சள்தான் இருக்கிறது. ஆனால் அந்த மஞ்சளும் டப்பாவில் வருகிற மஞ்சளும் பெயரில்தான் ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் ஏறத்தாழ 3 கிராம். அதில் குர்குமின் என்கிற சத்து 100க்கு 3 பங்கு அளவுதான். அந்தக் கரண்டித் தூளை வீடே சாப்பிட்டு முடித்தாலும் உள்ளே போவது 100 மில்லிகிராமுக்குள். அதிலும் பெரும்பகுதி குடலோடு போய்விடும். கேப்சூலிலோ குர்குமினைப் பிரித்தெடுத்து, 95 சதவீதமாக்கி, ஒன்றில் 500 மில்லிகிராம் வைத்து அடைக்கிறார்கள். கூடவே மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். மிளகுச் சத்தைச் சேர்த்தால் ரத்தத்தில் ஏறும் குர்குமின் 20 மடங்கு கூடுகிறது என்று 1998இல் கண்டுபிடித்தவர்கள் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள். நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் மருந்து அளவுக்கு ரத்தத்தில் ஏறுகிற பொருளுக்கு மருந்துக்குரிய ஆபத்தும் சேர்ந்தேதான் வரும்.

மருந்துகளால் கெடும் கல்லீரலைக் கவனித்துவரும் அமெரிக்க மருத்துவமனைகளின் குழு ஒன்று, 2011 முதல் 2022 வரை மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி எழுதியிருக்கிறது. 10 பேரில் 8 பேர் பெண்கள். 5 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒருவர் இறந்துவிட்டார். அவர்களில் 7 பேருக்குக் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருந்தது. அது நமக்கு இருக்கிறதா என்று நாம் யாரும் பார்த்துக்கொண்டு கேப்சூலை விழுங்குவதில்லை. கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுவதில் 10 பேர் என்பது சொற்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். மூட்டுவலி சற்றுக் குறையலாம் என்ற நம்பிக்கைக்காக அந்தப் பத்தில் ஒருவராக வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இயற்கைக்கு ஏது பக்கவிளைவு என்று கேட்டீர்கள். பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். மூலிகை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் அவர்கள்தான்.

பெல்ஜியத்தின் அந்தத் தலைநகரில் உடல் மெலிவதற்கென்று ஒரு மருத்துவமனை நடந்துவந்தது. 1990இல் அவர்கள் கொடுக்கும் கேப்சூலில் இரண்டு சீன மூலிகைகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். 1992இல், 50 வயதுகூட ஆகாத இரண்டு பெண்கள் சிறுநீரகம் சுருங்கிப்போய் மருத்துவர்களிடம் வந்தார்கள். இருவருக்கும் சர்க்கரை இல்லை, வேறு காரணமும் இல்லை. இருவரும் மெலிவதற்கு ஒரே இடத்துக்குப் போனவர்கள் என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. நகரத்தின் டயாலிசிஸ் மையங்களில் தேடினால், அதேபோல இன்னும் 7 பெண்கள். பிறகு எண்ணிக்கை 100ஐத் தாண்டியது.

எப்படி நடந்தது என்கிறீர்களா? சேர்க்க நினைத்த மூலிகையின் சீனப் பெயரில் "ஃபாங் ஜி" என்று வரும். அதே "ஃபாங் ஜி" இன்னொரு செடிக்கும் உண்டு. முன்னால் ஒட்டும் சொல் ஒன்றுதான் வித்தியாசம். மூட்டையில் வந்தது இரண்டாவது செடி. அது அரிஸ்டோலோகியா குடும்பம். அதிலிருக்கும் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கிவிடும். அதோடும் முடியவில்லை. கேப்சூலை நிறுத்திச் சில ஆண்டுகள் கழித்து, சிறுநீரகம் செயலிழந்த 39 பேரின் சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துப் பார்த்தார்கள். 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். மிச்சமிருந்தவர்களில் 19 பேருக்குத் திசுக்கள் மாற ஆரம்பித்திருந்தன. இது வெளியானது 2000ஆம் ஆண்டு.

இந்தக் குடும்பத்துச் செடிகள் நம் ஊரிலும் உண்டு. ஈசுவரமூலி, அதற்கே பெருமருந்து என்றும் பெயர். இன்னொன்று ஆடுதின்னாப்பாளை. ஆடு எதையும் விட்டுவைக்காது, ஆனால் இதைத் தின்னாது என்று பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர்கள். "இயற்கை" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். இவற்றை எந்த வடிவத்திலும், யார் சொன்னாலும், உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

திருச்சி வாசகி

கேள்வி: உடல் மெலிய மூலிகைத் தேநீர் குடிக்கிறேன். இரண்டு மாதத்தில் 3 கிலோ குறைந்தது. தொடரலாமா?

பதில்: பாக்கெட்டின் பின்பக்கத்தில் நிலாவரை அல்லது சென்னா என்று இருக்கிறதா பாருங்கள். உலகச் சந்தையில் "டின்னவெல்லி சென்னா" என்று திருநெல்வேலியின் பெயரிலேயே விற்கிற பேதி மருந்து அது. மலச்சிக்கலுக்குச் சில நாள் எடுக்க நல்ல மருந்துதான். இரண்டு மாதமாகத் தினமும் குடித்தால் நீரும் பொட்டாசியமும் போகும். கொழுப்பு அங்கேயேதான் இருக்கும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா? ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துவிடுங்கள். பச்சைத் தேயிலைச் சாறு கேப்சூலாகவும் எடுத்தால் அதையும் நிறுத்துங்கள். அதன் முக்கியச் சத்து ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இலேயே எச்சரித்திருக்கிறது.

பட்டுக்கோட்டை வாசகர்

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயது. முழங்கால் வலிக்கு ஒருவர் மூலிகைப் பொடி தருகிறார். பொட்டலத்தில் பெயர், விலாசம் எதுவும் இல்லை. ஆனால் குடித்த மூன்றாம் நாளே அம்மா எழுந்து நடந்துவிட்டார். 8 மாதமாகச் சாப்பிடுகிறார். இப்போது முகம் பூரிப்பாக இருக்கிறது. நல்லதுதானே?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தப் பொடியை நாளைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என் பெரியம்மா தேவகோட்டைப் பக்கம் இருந்தார். 1998இல் அவருக்கும் முழங்கால் வலி. அவருக்கும் ஒருவர் செய்தித்தாளில் மடித்த பொட்டலமாகப் பொடி கொடுத்தார். மூன்றாம் நாள் மாடிப்படி ஏறினார். அந்தப் பொங்கலுக்கு நான் போனபோது கன்னம் இரண்டும் உப்பி, முகம் நிலா மாதிரி இருந்தது. "பெரியம்மாவுக்குச் சதை போட்டிருக்கிறது" என்று எல்லோருக்கும் சந்தோஷம். காபி டம்ளரை நீட்டிய கையைப் பார்த்தேன். கண்ணாடி வளையல் அழுந்திய இடத்திலெல்லாம் ஊதா நிறத்தில் ரத்தக் கட்டு. தோல் வெங்காயச் சருகு மாதிரி. வீட்டிலிருந்த ஒரே டாக்டர் நான். பார்த்தேன், கேட்கவில்லை. விடுமுறைக்கு வந்த இடத்தில் எதற்கு வைத்தியம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனவர் பொட்டலங்களை வீட்டில் மறந்துவிட்டார். நான்காம் நாள் ஓயாத வாந்தி, மயக்கம். ரத்த அழுத்தம் 70. மருத்துவமனையில் ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகுதான் கண் திறந்தார். அந்தப் பொடியில் மூலிகை இருந்ததோ இல்லையோ, ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருந்தார்கள். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால், அதைச் சுரக்கிற சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று பொடி நின்றால் உடம்பில் ஸ்டீராய்டே இருக்காது. எலும்பும் உளுத்துப்போகும். இரண்டு வருடத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. படுக்கையில் விழுந்தவர் 11 மாதத்தில் போய்விட்டார். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறது. அந்தப் பொடி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஆகவே, இந்த வாரமே அம்மாவை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பொட்டலம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுவதாக நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசால், அதாவது உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அளவு தெரிந்த மாத்திரையைக் கொடுத்து, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அந்தப் பொடியை நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த எந்த வேருக்கும் இலைக்கும் அந்த வேகம் கிடையாது.

சித்த மருத்துவ மாணவி, பாளையங்கோட்டை

கேள்வி: ஆங்கில மருத்துவர்கள் எல்லோருக்கும் எங்கள் மருத்துவத்தின் மேல் ஒரு இளக்காரம். உங்கள் மாத்திரைகளால் யாருக்கும் சிறுநீரகம் போகவில்லையா, மேடம்?

பதில்: போயிருக்கிறது, மகளே. வலி மாத்திரையைக் கடையில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தை இழந்தவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். ஹார்மோன் மாத்திரை விஷயத்தில் நானே என்ன செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். இளக்காரம் எனக்கு இல்லை.

ஐந்து வருடம் படித்துவிட்டு நீ நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, இத்தனை நாள், மருந்தைத் தேனிலோ பாலிலோ குழைத்துக் கொடுக்கும் இந்த அனுபானம், இந்தப் பத்தியம் என்று கொடுப்பாய். 48 நாள் என்றால் 48ஆம் நாள் நிறுத்துவாய். ஒரு மண்டலம் என்று கணக்கு வைத்ததே உங்கள் மருத்துவத்தின் சிறப்பு. இன்று பெண்கள் கைபேசியில் பொத்தானை அழுத்தி வரவழைக்கிற டப்பாவில் இந்த வைத்தியரும் இல்லை, அந்த நாள் கணக்கும் இல்லை. "தினம் இரண்டு" என்று மட்டும் போட்டிருக்கிறது. எதுவரை என்று போடவில்லை. என் சண்டை அந்த டப்பாவோடுதான்.

உங்கள் தரப்பிலும் ஒன்றைப் பேச வேண்டும். 2004இல் பாஸ்டன் பகுதியில் இந்தியப் பலசரக்குக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. 2008இல் இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளைச் சோதித்தபோதும் ஐந்தில் ஒன்று அப்படித்தான். இந்தியாவில் செய்தவை மட்டும் இல்லை, அமெரிக்காவில் செய்தவையும் அவற்றில் இருந்தன. உலோகத்தைப் புடமிட்டு முறையாகச் செய்த பற்பம் வேறு என்று நீ சொல்வாய். அந்த வித்தியாசத்தை டப்பாவைக் கையில் வைத்திருக்கும் பெண் எப்படிக் கண்டுபிடிப்பாள்? அவளுக்கு அதைக் கண்டுபிடித்துச் சொல்கிற வேலையை உன் தலைமுறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உன் நோயாளிகளின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் கல்லீரல் நொதிகளையும் நீயே எழுதிச் சோதித்துப் பார்க்கச் சொல். யாருக்காவது கேடு வந்தால் ஆயுஷ் மருந்துகளுக்கென்றே இருக்கும் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையத்துக்கு எழுது. எழுதாத கேடுகள்தான் அடுத்த பெண்ணுக்கும் வருகின்றன.

விழுப்புரம் வாசகி

கேள்வி: தைராய்டுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை. தொண்டைக் கட்டுக்கு அதிமதுரம் மெல்லும் பழக்கம், தூக்கத்துக்கு அமுக்கரா. டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். அதிமதுரத்தைத் தினமும் மென்றால் உப்பைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தைத் தள்ளி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். உங்கள் மாத்திரை வேலை செய்யவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், பாவம். அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடும். தைராய்டு மாத்திரையோடு சேரும்போது படபடப்பு வரும். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே மூலிகை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது நல்லது. சில ரத்தக் கசிவைக் கூட்டும், சில மயக்க மருந்தோடு மோதும். மயக்க மருந்து நிபுணர் "வேறு மாத்திரை ஏதாவது?" என்று கேட்கும்போது நம் பெண்கள் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் சொல்கிறார்கள். மறைப்பதில்லை, மூலிகையை மாத்திரையாக அவர்கள் நினைப்பதே இல்லை.

சேலம் வாசகி

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57. எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். பத்து நாளாகப் பசி இல்லை, உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறது. பித்தம் என்று சொல்லி இன்னும் இரண்டு மாத்திரை கூட்டிக்கொண்டார். என்ன செய்வது?

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றே நீங்கள் கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசிவிட்டேன். பத்திரிகை வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை இது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பசியின்மை, அரிப்பு, அடர்ந்த நிறச் சிறுநீர் மூன்றும் சேர்ந்து வந்தால் மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, அன்றைக்கே கல்லீரல் பரிசோதனையும் ரத்தம் உறையும் நேரமும் பார்க்க வேண்டும். பேச்சில் குழப்பம், பகலெல்லாம் தூக்கம் என்றால் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பொடியை நிறுத்தாதீர்கள் என்று பட்டுக்கோட்டைத் தம்பிக்குச் சொன்னது ஸ்டீராய்டு சந்தேகத்துக்காக. இங்கே ஒரு வேளை மாத்திரைகூடக் கூடாது.

கொரோனா காலத்தில் ஊரெல்லாம் சீந்தில் குடித்தபோது, 2020 கடைசியில் மும்பை மருத்துவர்கள் இப்படி 6 பேரைப் பார்த்து எழுதினார்கள். பிறகு இந்தியாவின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரைப் பற்றி விவரம் வந்தது. பாதிக்கு மேல் பெண்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்குகிற கோளாறு, அதுவரை மறைந்திருந்து, சீந்தில் தூண்டிவிட்டதும் பலரிடம் வெளிப்பட்டது. சீந்தில் பாதுகாப்பானது, வேறு இனத்துக் கொடி ஒன்று அதன் பெயரில் கலந்திருக்கலாம் என்பது ஆயுஷ் அமைச்சகத்தின் வாதம். இருக்கலாம். அப்படியானால் இது மறுபடியும் பிரஸ்ஸல்ஸ் கதைதான்: ஒரு பெயர், இரண்டு கொடி. தைராய்டு, முடக்குவாதம் போல எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய் உள்ளவர்கள், அதை மேலும் தூண்டுகிற எந்த மாத்திரையையும் தொடாமல் இருப்பது நல்லது.

உங்கள் அம்மாவுக்கு அன்று மாலை, மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 11.4 இருந்தது. நான் சொன்னபடி மிச்சமிருந்த மாத்திரைகளைக் குப்பையில் போடாமல் டப்பாவோடு மருத்துவரிடம் கொடுத்தீர்கள், மிகவும் சரி. நேற்று நீங்கள் பேசியபோது 1.8க்கு இறங்கிவிட்டதாகவும், அம்மா மிளகு ரசம் கேட்டதாகவும் சொன்னீர்கள். தாராளமாகக் கொடுங்கள்.